ஏழாம் நம்பர் அக்கா

அக்கா முதலில் மணிக்கட்டைத்தான் பார்ப்பார். பேரெல்லாம் பிறகு. கையைப் பிடித்து, உள்பக்கம் ஒரு தடவை, வெளிப்பக்கம் ஒரு தடவை திருப்பி, பசாரில் கத்தரிக்காய் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு ஒரு நம்பர் சொல்வார். அதற்குப் பிறகு அதுதான் நமக்குப் பேர்.

ஒன்று என்றால் வெள்ளை. ஏழு என்றால் கறுப்பு. நடுவில் இருப்பதெல்லாம் அவர் கண்ணுக்கு மட்டுமே பிடிபடும். ஈப்போ புந்தோங்கில் ஓர் அடுக்குமாடியில் நான்காவது மாடியில் நான் இருந்தேன், தரைத்தளத்தில் அவர். அவர் வீட்டு முன்னறையில் ஆளுயரக் கண்ணாடி, சுழல் நாற்காலி, இரண்டு குழல் விளக்குகள். வாசலில் ‘மணப்பெண் அலங்காரம்’ என்று ஒரு பலகை. ஒரு கிளினிக்கில் பதிவு மேசை வேலை கிடைத்து நான் அங்கே குடிவந்த புதிதில், குழாயில் தண்ணீர் வரவில்லையே என்று கேட்கத்தான் அவர் கதவைத் தட்டினேன். தண்ணீரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கையைப் பிடித்துவிட்டார்.

“அஞ்சரை,” என்றார். “எம்மவளும் அஞ்சரைதான். நீ வேற கலர்ல பவுடர் போட்டிருக்க. மூஞ்சி சாம்பல் பூத்துக் கெடக்கு. உள்ள வா.”

“நீங்க எத்தனைக்கா?”

“நான் ஏழுலா. எட்டுன்னு ஒண்ணு இல்ல, அதனால ஏழு.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் கறுப்பைப் பற்றி எப்போதும் சிரித்துத்தான் பேசிக்கொண்டோம். அப்போது அது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. மற்ற இடங்களில் முதுகுக்குப் பின்னால் சொல்வதை இவர் முகத்துக்கு நேரே நம்பராகச் சொல்கிறார், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

யாரையும் விடமாட்டார். தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறவர் நாலு, “ஆனா லைட்டு போட்டு மூணாக்கிட்டானுங்க.” கோவில் குருக்கள் ரெண்டு. எந்நேரமும் குடை பிடித்துக்கொண்டே நடக்கும் பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி ஒன்று. ஜொகூருக்கு லாரி ஓட்டப் போய்த் திரும்பி வராமலே போன புருஷன் மூணு.

“மூணுன்னுதான் கட்டிக்கிட்டேன். வேற ஒண்ணையும் பாக்கல. பாத்திருக்கணும்,” என்பார்.

அவருடைய மேக்கப் பெட்டியில் ஒன்றிலிருந்து நாலு வரைக்கும்தான் இருந்தது. அதற்கு மேல் இல்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “கல்யாணத்தன்னிக்குப் போயி எவ தன்னோட சொந்தக் கலரு கேப்பா?” என்றார். அவர் சொன்னது சரிதான். என் கல்யாணத்துக்கு நானும் கேட்கவில்லை. விடியுமுன் அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்த அஞ்சரை நம்பர் பெண், இரண்டு மணி நேரம் கழித்து எழுந்தபோது மூணு. என் அம்மா என்னைப் பார்த்து ஆனந்தத்தில் அழுதார். இன்று என் மகள் அந்த ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, “இது யாரும்மா?” என்று கேட்கிறாள். அம்மாதான் என்று சொன்னால் நம்பமாட்டேன் என்கிறாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கறுப்பின் அருமை தெரிந்தவரும் அவர்தான். வெள்ளையைப் பூசி முடித்ததும் ஒவ்வொரு முகமும் வெறும் தட்டாக, மேடுபள்ளம் இல்லாமல் இருக்கும். அதற்குப் பிறகுதான் அவருடைய உண்மையான வேலை ஆரம்பிக்கும். புருவத்துக்குக் கறுப்பு, இமையோரம் கறுப்பு, மூக்கின் இரு பக்கமும் தாடைக்குக் கீழேயும் லேசாக நிழல். அப்போதுதான் மூக்கு எழுந்து வரும், கண் திறக்கும்.

“வெள்ளை சும்மா சுவருலா. கறுப்பு வச்சாத்தான் ஆளு வந்து நிக்கும்,” என்பார் தூரிகையை வாயில் கவ்விக்கொண்டே.

“அப்புறம் ஏன்க்கா எங்கள வெள்ளையடிக்கிறீங்க?”

“வாய மூடு. உதடு போடணும்.”

எல்லாம் முடிந்த பிறகு, கண்ணு படாமல் இருக்க மணப்பெண்ணின் கன்னத்தில் மையால் ஒரு கறுப்புப் பொட்டு வைப்பார். அதை மட்டும் தூரிகையால் வைக்கமாட்டார். மோதிர விரலால்தான் வைப்பார். வைக்கும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார். எனக்கும் வைத்தார். ஆனால் தன் மகளுக்கு, குழந்தையாக இருந்தபோதுகூட, அந்தப் பொட்டை அவர் வைத்ததே இல்லை. அவரே சொல்லிச் சிரித்த கதை அது. “கறுப்பு மேல கறுப்பு வச்சா எங்க தெரியும்? அதோட இவள எவ வந்து கண்ணு வைக்கப் போறா?”

மகள் தர்ஷினியும் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து சிரிப்பாள். எனக்குத் தெரிந்து அந்தக் குடும்பத்தில் நன்றாகச் சிரிக்கத் தெரிந்தவள் அவள்தான். பாலர் பள்ளி ஆசிரியை. அம்மாவின் நம்பர்களை அவள் ஒருநாளும் மதித்தது கிடையாது. ஒருமுறை ஹுத்தான் மெலிந்தாங் ஊர்ப் பெண் ஒருத்திக்கு லூமுட்டில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை கடற்படையில் வேலை. அக்கா முகத்தையும் கழுத்தையும் மூணாக்கிவிட்டுக் கைகளை மறந்துபோனார். படத்தில் மாலையைப் பிடித்திருக்கும் கைகள் ஆறு. முகத்துக்கும் கைக்கும் சொந்தமே இல்லை. மாப்பிள்ளையின் அம்மா சபையிலேயே, “யாரு கை இது?” என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண் அழுது, போட்டதெல்லாம் வழிந்து, மறுபடியும் போட வேண்டியதாகிவிட்டது. அக்கா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது தர்ஷினி தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“மா, தாலி யாருக்குக் கட்டுனாங்க? மூணுக்கா, ஆறுக்கா?”

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. அன்றிலிருந்து முழங்கை வரை பூச ஆரம்பித்தார்.

தர்ஷினிக்குக் கைப்பேசியில் படம் எடுக்கிற கிறுக்கு உண்டு. அதையும் கறுப்பு வெள்ளையில்தான் எடுப்பாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவை ஜன்னல் வெளிச்சத்தில் ஒருநாள் எடுத்தாள். நான் பார்த்த படங்களிலேயே அழகான படம் அது. நெற்றியில், கன்ன எலும்பில், மூக்குத்தியில் மட்டும் வெளிச்சம். மீதி எல்லாம் ஆழமான கறுப்பு. அக்கா அதைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். “செத்தவங்க படம் மாதிரி இருக்குடி.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் ஆட்களில் யாராவது இறந்துவிட்டால், அடுத்த அரைமணி நேரத்தில் அவர் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, அடக்கம் எத்தனை மணிக்கு, தகனம் எங்கே என்று எழுதி எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுவார்கள். கறுப்பு வெள்ளையில் முகம் வந்தால் ஆள் இல்லை என்று அர்த்தம். இது தெரிந்தும் தர்ஷினி அந்தப் படத்தை அம்மாவின் வாட்ஸ்அப்பிலேயே முகப்புப் படமாக வைத்துவிட்டாள். மத்தியானத்துக்குள் சுங்கை சிப்புட்டிலிருந்து இரண்டு காரில் சொந்தக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். ஒரு பெரியம்மா வாசலிலேயே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார். அக்கா கையில் கரண்டியோடு வெளியே வந்து, “என்னா பெரியம்மா, யாருக்கு என்னா ஆச்சு?” என்று கேட்டார். அன்று அத்தனை பேருக்கும் சோறு வடித்துப் போட்டோம்.

“உன்னோட சேந்தா என்னைய தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவாளுங்க,” என்று அக்கா மகளைத் திட்டினார். ஆனால் படத்தை அழிக்கச் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் அவர். தோட்டத்தைப் பற்றி ஆசையாக ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. பள்ளி விடுமுறையில் அம்மாவோடு பாலுக்காக மரம் கீறப் போய், பால் பிடிக்கும் மங்குக் கிண்ணங்களைத் துடைத்துக் கவிழ்க்க வேண்டும். பால் வெள்ளை வெளேரென்று இருக்கும்; சட்டையில் பட்டுக் காய்ந்தால் கறுப்புக் கறையாகி, எத்தனை துவைத்தாலும் போகாது. பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையிலும் அந்தக் கறை. “அப்பவே எனக்குத் தெரியும்லா, வெள்ளையெல்லாம் நம்மகிட்ட வந்தா கறுப்பாயிடும்னு,” என்றார் ஒருமுறை.

இன்னொன்றையும் சொன்னார். மஸ்காரா தூரிகையைத் துடைத்துக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்ததுபோல் சொன்னார். தோட்டப் பள்ளியின் ஆண்டு விழாவில் தேவதை நடனம். ஆறு பெண்கள், வெள்ளை கவுன். நடனம் முழுவதும் முதலில் மனப்பாடம் ஆனது அக்காவுக்குத்தான். மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். விழாவுக்கு முதல்நாள் டீச்சர் வேறொரு பெண்ணுக்குக் கவுனைக் கொடுத்துவிட்டு, இவரிடம் மேடைக்குப் பின்னால் தொங்கும் கறுப்புத் துணியின் முனையைக் கொடுத்தார். காற்றில் பறக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டுமாம்.

“பிடிச்சீங்களா?”

“ஒரு கையால பிடிச்சுக்கிட்டு துணிக்குப் பின்னால ஆடுனேன். முழுசா. ஒரு ஸ்டெப்பு தப்பல.”

அவர் மேல் எனக்குள்ள கோபமெல்லாம் இந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. தன் நாற்காலியில் உட்கார்ந்த ஒரு பெண்ணையும் அவர் துணிக்குப் பின்னால் நிற்க விட்டதில்லை. அதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே வழி வெள்ளைதான்.

தர்ஷினிக்குத் தைப்பிங்கில் மாப்பிள்ளை அமைந்தது. நல்ல பையன். இரண்டு பேரும் ஏற்கெனவே பேசிப் பழகியவர்கள்தான். பெண் பார்க்க வந்த அன்று பையனின் அத்தை, பலகாரத்தைக் கடித்தபடி, “பொண்ணு தங்கமான பொண்ணு. மேடையில நம்ம பையன் பக்கத்துல நிக்கிறப்பத்தான் கொஞ்சம்...” என்று இழுத்து அங்கேயே நிறுத்திக்கொண்டார். தர்ஷினி சிரிப்பாள் என்று எதிர்பார்த்து அவளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துக் கைகளை மூடிக்கொண்டாள்.

அடுத்த வாரம் அக்கா ஒரு வெள்ளை டப்பா வாங்கிவந்தார். அதில் பேர் கிடையாது, எழுத்து எதுவும் கிடையாது. யாரோ ஒருத்தி கைப்பேசியில் விற்கிறாளாம். இரண்டு மாதத்தில் ஆளே மாறிவிடுவாளாம். பாதியை ஒரு பழைய தைலப் புட்டியில் வழித்து எனக்கும் கொடுத்தார். “உனக்கும் அவளுக்கும் ஒரே நம்பரு. அவளுக்கு மட்டும் குடுத்தா மனசு கேக்கல, தங்கச்சி.”

நான் ஒன்பது நாள் போட்டேன். கண்ணுக்குக் கீழே எரிந்தது; தோல் உரிந்தது. சோம்பலும் சேர்ந்துகொண்டது. புட்டியை மூடி மேசை இழுப்பறையில் போட்டேன். எரிந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கிளினிக்கில் வேலை செய்கிறவள். இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். தர்ஷினி நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டு வந்தாள். அக்கா தினமும் காலையில் அவள் கன்னத்தோடு அவள் மணிக்கட்டையே வைத்துப் பார்த்து, “நாலேகால்,” “நாலு,” என்று வாசலில் நின்று அறிவிப்பார். ஒருநாள் மின்தூக்கியில் அவளைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், பொறாமைதான். எனக்கு ஒத்துக்கொள்ளாதது இவளுக்கு ஒத்துக்கொண்டதே என்று. “அழகா இருக்கடி,” என்று மட்டும் சொன்னேன்.

மூணரை வந்தபோது காலையில் அவள் கண் வீங்கியிருந்தது. தூக்கம் இல்லை, கல்யாணக் கவலை என்றார் அக்கா. பிறகு கால் வீங்கியது. நிச்சயதார்த்தத்துக்கு வாங்கிய செருப்பில் பாதம் நுழையவில்லை. ஒரு சாயங்காலம் என் கதவைத் தட்டி, வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள்.

“சித்தி, ஒண்ணுக்குப் போனா நுரையா வருது. சோப்பு மாதிரி வெள்ளையா.”

மறுநாள் எங்கள் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ஒரு இளம் பெண் டாக்டர் அவள் முகத்தையும் கையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, என்ன க்ரீம் போடுகிறாய் என்று கேட்டார். அவளுடைய டப்பா தீர்ந்து குப்பைக்குப் போயிருந்தது. சோதித்துப் பார்க்க மிச்சம் ஏதாவது வேண்டும் என்றார்கள். நான் வீட்டுக்கு ஓடிப் போய் என் தைலப் புட்டியை எடுத்துவந்து கொடுத்தேன்.

சோதித்துவிட்டுப் பாதரசம் என்றார்கள். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தன.

டாக்டர் மேசையில் இருந்த அந்தப் புட்டியைத்தான் அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால்வாசிக்கு மேல் அப்படியே இருந்தது.

“நீ போடலயா?”

“ஒன்பது நாள் போட்டேன்க்கா. எரிஞ்சுச்சு. விட்டுட்டேன்.”

“ஏன் தங்கச்சி சொல்லல?”

கேட்டுவிட்டு அவர் என் கையைப் பிடித்தார். திட்டப் போகிறார், அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மணிக்கட்டை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டதே இல்லை.

க்ரீமை நிறுத்தினால் பலர் தேறிவிடுவார்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாங்களும் அதையே பிடித்துக்கொண்டு ஆறு வாரம் ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். தைப்பிங் பையன் வேலை முடிந்து தினமும் வருவான். “எனக்கு அதெல்லாம் கண்ணுலயே படல சித்தி. யாராச்சும் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்,” என்று நடைபாதையில் என்னிடம் அழுதான். ஆறாவது வாரம் ரத்தத்தில் கிருமி சேர்ந்துவிட்டது. தர்ஷினி போய்விட்டாள்.

அக்காவின் தம்பி சித்தியவானிலிருந்து வந்து, வழக்கம்போல அவள் படம் ஒன்றைக் கறுப்பு வெள்ளையாக்கிக் குழுக்களில் போடத் தயார் செய்தார். அக்கா கைப்பேசியைப் பிடுங்கினார். “கலர்ல போடு. எம்பொண்ணு கலரு தெரியணும்.” தம்பி தேடினார், நானும் தேடினேன். அவள் எடுத்ததெல்லாம் கறுப்பு வெள்ளை. மற்றவர்கள் எடுத்த கலர் படங்களில் ஒன்று அக்கா பூசிவிட்டிருப்பார், இல்லையென்றால் கைப்பேசியே வெளுப்பாக்கியிருக்கும். அஞ்சரை நம்பர் தர்ஷினி ஒரு படத்திலும் இல்லை. கடைசியில் கறுப்பு வெள்ளையைத்தான் போட்டார்கள். இந்தத் தடவை வந்தவர்கள் யாருக்கும் சோறு போட வேண்டியிருக்கவில்லை.

கல்யாணம் ஆகாத பெண் போய்விட்டால், மணப்பெண்ணாக அலங்கரித்து அனுப்புவது எங்கள் வழக்கம். முன்னறையில் சுழல் நாற்காலியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். கண்ணாடியைத் துணியால் மூடியிருந்தார்கள். கல்யாணத்துக்கு எடுத்து வைத்திருந்த அரக்குச் சேலையைக் கட்டியாயிற்று. வேறு யாரையாவது கூப்பிடலாமா என்று பெரியம்மா கேட்டார். “நானே செய்றேன்,” என்றார் அக்கா.

மேக்கப் பெட்டியைத் திறந்தார். மகளின் கையை எடுத்து, உள்பக்கம் ஒரு தடவை, வெளிப்பக்கம் ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். கை மட்டும் பழைய நிறத்தில் இருந்தது. பெட்டியில் ஒன்று இருந்தது, இரண்டு இருந்தது, மூன்றும் நாலும் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து அந்தக் கையின் பக்கத்தில் வைத்துப் பார்த்து, திரும்ப உள்ளே வைத்தார். என்னைத் தேடித் திரும்பினார்.

“தங்கச்சி, உன்கிட்ட இருக்கா? உங்கலரு. உனக்கும் அவளுக்கும் ஒண்ணுதான.”

நான்கு மாடி ஏறி ஓடினேன். மேசை இழுப்பறையை உருவிக் கட்டிலில் கொட்டினேன். இரண்டு, மூன்று, மறுபடியும் மூன்று. எல்லாமே நானே ஆசைப்பட்டு வாங்கியவை. என் நிறத்தில் என்னிடம் ஒன்றுகூட இல்லை. வெறுங்கையோடு இறங்கி வந்து, “இல்லக்கா,” என்றேன்.

அக்கா தலையாட்டினார். பெட்டியை மூடினார். ஈரத்துணியால் மகளின் முகத்தை நிதானமாகத் துடைத்தார். எதுவும் பூசவில்லை. பிறகு மைச் சிமிழைத் திறந்து, மோதிர விரலால் தொட்டார்.

“செத்தவளுக்கு யாரு இனிமே கண்ணு வைக்கப் போறா, விடும்மா,” என்றார் பெரியம்மா மெதுவாக.

அக்கா கேட்கவில்லை. வாய்க்குள் என்னமோ முணுமுணுத்துக்கொண்டே தர்ஷினியின் வெளுத்த கன்னத்தில் அந்தக் கறுப்புப் பொட்டை வைத்தார். அவர் மகளுக்கு வைத்த முதல் பொட்டு. நான் கூட்டத்துக்குப் பின்னால், கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். அங்கிருந்தே அது நன்றாகத் தெரிந்தது.